வீணைத் தண்டியைச் செப்பனிடுதல்

பழுது நேராத கருவி உலகில் இல்லை. ஏரின் கொழு தேய்கிறது; வண்டியின் அச்சு முரிகிறது; எழுதுகோலின் முனை மழுங்குகிறது. ஆகவே, ஒரு கருவியின் நன்மை தீமைகளை ஆராய்வோர், அது புதிதாய் இருக்கும்பொழுது எவ்வாறு பணி செய்கிறது என்பதோடு, பழுதுற்ற காலத்து அதனை எளிதிற் செப்பனிட இடமுண்டா என்பதையும் நோக்குதல் வேண்டும். இவ்வாறு நோக்கும்பொழுது, தமிழ்நாட்டில் வழங்கும் வீணை மிகச் சிறந்ததொரு கருவியாய்த் தோன்றும். அதன் இசையினிமையைப் பலரும் அறிவர். பழுதுபார்த்தற்கு ஏற்ப அஃது அமைந்திருக்கும் திறத்தை அறிந்தவர் சிலரே.

வீணையின் உறுப்புகளுள் முதன்மையானவை குடமும் தண்டியும் ஆகும். குடம் ஒலியைப் பெருக்கித் தருவது. தண்டி, குடத்தினின்று நீண்டு சென்று யாளி முகத்தில் முடிவது. மனித உடலில் கழுத்தினை ஒத்தது. அதன் மறுமுனைக்கு அருகில் கீழ்ப்புறத்தே சுரைக்காய் பொருத்தப்பட்டிருக்கும். குடத்தின்மீது நிற்கும் குதிரையிலிருந்து, தண்டியின் மேல்முனையில் உள்ள மேரு என்னும் சிறு தாங்கி வரையில் கம்பிகள் செல்லும். வாசித்தற்குரிய கம்பிகள் நான்கு, தாளத்திற்குரியவை மூன்று, ஆகக் கம்பிகள் ஏழு. குடமும் தண்டியும் ஒரே மரத்திற் குடைந்து செய்யப்படின் அஃது ஏகாந்த வீணை எனப்படும். தனித்தனியே செய்து இணைக்கப்படின் ஒட்டு வீணை எனப்படும். இரண்டிற்கும் பலா மரமே சிறந்தது. பண்ருட்டிப் பகுதியில் விளையும் பலா மரத்தைத் தஞ்சைக் கைவினைஞர் பெரிதும் விரும்புவர்.

தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், இருபத்து நான்கு மெட்டுகளும் நிலையாக அமைந்த வீணை உருப்பெற்றது என்பது இசை வரலாற்றில் வழங்கும் செய்தி. அக்காலந் தொட்டுத் தஞ்சை நகரம் இக்கைத்தொழிலுக்கு இருப்பிடமாய் விளங்குகிறது. 2013-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இனித் தண்டியின் அமைப்பைச் சற்று நெருங்கி நோக்குவோம். தண்டி உள்ளே குடைவாக உள்ளது. அதன் வாயை ஒரு மெல்லிய பலகை மூடியிருக்கும். அப்பலகையின் இரு விளிம்புகளிலும், வாய்க்காலின் இரு கரைகள் போல, கரிய மெழுகினால் ஆகிய இரண்டு வரம்புகள் நீளச் செல்லும். இவ்வரம்புகளின்மேல், ஏணியின் படிகள் போலக் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும் உலோகத் துண்டுகளே மெட்டுகள். வெண்கலத்தாலோ பித்தளையாலோ ஆகிய இம்மெட்டுகளின் இரு முனைகளும் மெழுகிற் பதிந்திருக்கும். ஆணியும் திருகும் அவற்றைப் பிணிப்பதில்லை. மெழுகு ஒன்றே அவற்றைத் தாங்கி நிற்கிறது.

தேன்கூட்டிலிருந்து எடுத்த மெழுகை உருக்கி, அதனோடு கரிப்பொடியைக் கலந்து இம்மெழுகைச் செய்வர். இறுகி நிற்கும்பொருட்டுக் குங்கிலியத்தைச் சிறிதளவு சேர்ப்பதும் உண்டு. கலவை தளர்வாயின் மெட்டு ஆடும். மிகக் கடினமாயின் சிறு அதிர்ச்சிக்கும் மெழுகு வெடிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதத்தைக் கண்டறிவதே தொழிலாளியின் அனுபவம்.

உறுதியாக நிற்கவேண்டிய மெட்டுகளை மென்மையான மெழுகில் நிறுத்தியது ஏன் என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை காண, மெட்டுகள் நிற்கும் இடங்களைப் பற்றிய கணக்கை அறிதல் வேண்டும். மேருவிற்கும் குதிரைக்கும் இடையே கம்பியின் நீளம் 80 செ.மீ. எனக் கொள்வோம். கம்பியின் நீளம் பாதியானால் அதன் ஒலி ஒரு தாயி உயரும். ஆகவே, பன்னிரண்டாம் மெட்டு ஏறத்தாழ 40 செ.மீ. தொலைவில் நிற்கும், இருபத்து நான்காம் மெட்டு 60 செ.மீ. தொலைவில் நிற்கும். ஒரு தாயிக்குச் சுரத்தானங்கள் பன்னிரண்டாதலின், இரு தாயிகளுக்கு இருபத்து நான்கு மெட்டுகள் ஆயின. ஆனால், மெட்டுகளுக்கு இடையே உள்ள தொலைவு ஒரே அளவினது அன்று. மேருவிற்கும் முதல் மெட்டிற்கும் இடைவெளி ஏறக்குறைய 4.5 செ.மீ. ஆக, இறுதி இரு மெட்டுகளுக்கு இடைவெளி 1.2 செ.மீ. அளவே இருக்கும். ஆதலால், முதல் மெட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினால், அரைச்சுரத்தில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கே பிழைபடும். இறுதி மெட்டு அதே அளவு விலகினாலோ பன்னிரண்டில் ஒரு பங்கு பிழைபடும். பயிற்சி பெற்ற செவி இப்பிழையை உடனே உணரும்.

மேலும், விரலால் அழுத்தும்பொழுது கம்பியின் விறைப்புச் சிறிது மிகுகிறது. அதனால் ஒலியும் சிறிது உயர்கிறது. அவ்வுயர்ச்சியை ஈடுசெய்யும்பொருட்டு, மெட்டினைக் கணக்கிற் கண்ட இடத்தினின்று மேருவின் பக்கமாக மயிரிழையளவு தள்ளி வைத்தல் வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பது கம்பியின் பருமனையும், அது மெட்டிற்குமேல் நிற்கும் உயரத்தையும் பொறுத்தது. இதனை அளவுகோல் காட்டாது, செவியே காட்டும். செவி காட்டியவாறு மெட்டை நகர்த்தி நிறுத்துதற்கு இடந்தருவது மெழுகு. எனவே, வீணையில் மெழுகு வைத்தது வலியின்மையால் அன்று. திருத்தத்திற்கு இடம் விட்டு வைத்த அறிவுடைமையால் என்க.

மேனாட்டுக் கருவியாகிய கிடாரோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். கிடாரின் கழுத்தில் ஒட்டப்பட்ட பலகையில் வாளால் வரிப்பள்ளங்கள் அறுத்து, அவற்றில் மெட்டுகளை அடித்து இறுக்கிவிடுவர். ஒரு மெட்டுத் தேய்ந்து தாழ்ந்தால், மற்றை மெட்டுகளையும் அதன் உயரத்திற்கு அராவ வேண்டும். அன்றேல் தேய்ந்ததைப் பிடுங்கிப் புதியது பதிக்க வேண்டும். வீணையிலோ மெழுகைச் சிறிது இளக்கி, அந்த ஒரு மெட்டை மட்டும் உயர்த்தி வைத்தல் கூடும். கிடாரின் முறை நெடுநாள் அசையாது நிற்கும் உறுதியுடையது. வீணையின் முறை எளிதில் திருத்தத்தக்கது. அவ்வவ்விசையின் தேவைக்கு ஏற்ப இரண்டும் அமைந்தன.

பழுதைப் போக்கும் முன்னர்ப் பழுது இன்னதென அறிதல் வேண்டும். இவ்வாராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையின் இசைப் போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைக்கப்பெற்ற யாழ்களை ஆராய்ந்து, ஒன்றன் மரம் நீரில் நின்று இளகியது என்றும், ஒன்றன் மரம் வாளால் வெட்டுண்டது என்றும், ஒன்றன் மரம் இடியால் தாக்குண்டது என்றும் குற்றங்கூறி விலக்குகின்றான். கருவியின் குரலைக் கெடுக்கும் குறையை, அக்கருவி பிறந்த மரத்திலேயே தேடும் நுண்ணறிவு இங்கே புலப்படுகிறது. மரத்திற் பிறந்த இத்தகைய குறைகளைப் பின்னர் நீக்குதல் அரிது. பயன்பாட்டினால் நேரும் சிறு பழுதுகளோ நீக்கத்தக்கவை. அவற்றுள் தண்டியில் நேர்வனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, மெட்டு ஆடுதல். வீணையிற் கமகம் தோன்றக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிப்பர். அவ்விழுப்பினால் மெட்டும் நாள்தோறும் அசைக்கப்படுகிறது. மெழுகும் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து இறுகி, மெட்டின் முனையை விட்டுப் பிரியும். அப்பொழுது அம்மெட்டில் வாசிக்கும் சுரம் உயிரற்று ஒலிக்கும். விரல் நுனியால் மெட்டின் இரு முனைகளையும் மெல்லத் தொட்டு அசைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். இதற்கு மருந்து எளிது. சிறிது சூடேற்றிய இரும்புக் கம்பியை மெட்டின் முனைக்கருகே கொண்டுசென்று, அங்குள்ள மெழுகை மட்டும் இளகச் செய்து, மெட்டை உரிய இடத்தில் நிறுத்தி, மெழுகை அணைத்துவிடல் வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகிவிடும். அதற்கு நெடுமுன்னரே இளகும். ஆதலின் தழலை நேரே காட்டுதல் ஆகாது. காட்டினால் அண்டையிலுள்ள மெட்டுகளும் நிலை பெயரும். ஒரு பழுது பல பழுதாகும். மெழுகு முற்றும் ஆறிய பின்னரே கம்பியை மீட்டிச் சுரத்தைச் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, மெட்டில் வரிவிழுதல். எஃகுக் கம்பி ஓயாது உராய்வதால் மெட்டின் முதுகில் சிறு பள்ளங்கள் தோன்றும். கம்பி அப்பள்ளத்திற் சிக்கி, வழுக்கிச் செல்ல மாட்டாது தடைப்படும். கரகரப்பான ஒலியும் எழும். பள்ளம் ஆழமற்றதாயின், நுண்ணிய அரத்தால் மெட்டின் முதுகை வளைவு குன்றாமல் இழைத்து, பின்னர் மெருகேற்றுவர். இழைத்ததனால் மெட்டுத் தாழ்ந்ததாயின், முன்னர்க் கூறியவாறு மெழுகில் உயர்த்தி வைப்பர். பள்ளம் ஆழமாயின் மெட்டை மாற்றுதலே தக்கது.

மூன்றாவது, மெட்டுகளின் உயரம் ஒவ்வாமை. ஒரு மெட்டில் அழுத்தியபொழுது, கம்பி அடுத்த மெட்டையும் தொட்டு அதிருமாயின், அடுத்த மெட்டு உயர்ந்திருக்கிறது என்றேனும், அழுத்திய மெட்டுத் தாழ்ந்திருக்கிறது என்றேனும் கொள்ளல் வேண்டும். சிறியதொரு நேரான உலோகப் பட்டையை மூன்று மெட்டுகளின்மீது படும்படி வைத்துப் பார்த்தால், நடுமெட்டு உயர்ந்தவிடத்துப் பட்டை இருபுறமும் ஆடும். இவ்வாறு குற்றமுள்ள மெட்டைக் கண்டுகொண்டு, அதனை மட்டும் திருத்துதல் வேண்டும். காரணம் அறியாது எல்லா மெட்டுகளிலும் கைவைப்பவர், ஒழுங்காய் இருந்தவற்றையும் கெடுப்பர்.

பல ஆண்டுகள் கழிந்து, மெழுகு முழுவதும் வெடித்துப் பொடியத் தொடங்கின், ஒவ்வொரு மெட்டாகத் திருத்துவதிற் பயன் இல்லை. பழைய மெழுகைக் களைந்து, புது மெழுகு இட்டு, இருபத்து நான்கு மெட்டுகளையும் புதிதாக நிறுத்த வேண்டும். இதற்கு மேளங் கட்டுதல் என்பது பெயர். கம்பிகளைச் சுருதி கூட்டி, ஒவ்வொரு மெட்டையும் முன்னும் பின்னும் நகர்த்தி, சுரம் பிசகாத இடம் வாய்த்தவுடன் அழுத்தி நிறுத்துவர். ஒரு மெட்டுச் சாரணிக் கம்பிக்கு ஒத்து நின்றாற் போதாது. மற்றை மூன்று கம்பிகளுக்கும் ஒத்து நிற்றல் வேண்டும். எனவே, கைத்திறனோடு இசைப்புலமையும் வாய்ந்தவரே இதனைச் செய்ய வல்லவர். இஃது ஒருவர் தாமே வீட்டிற் செய்து பார்க்கத்தக்கது அன்று.

நான்காவது, பிருடை நழுவுதல். பிருடையாவது கம்பியைச் சுற்றி முறுக்கும் மரத்தாலாகிய ஆணி. அது தன் துளையில் வழுவழுப்பாகிவிட்டால், கூட்டிய சுருதி நில்லாது இறங்கும். பிருடையைக் கழற்றித் துடைத்துச் சிறிது சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசிப் பொருத்தினால் பிடிப்பு உண்டாகும். துளையும் பிருடையும் தேய்ந்து வடிவு மாறியிருப்பின் தச்சரிடம் செல்லுதல் நலம். சுத்தியலால் அடித்து இறுக்குவோர் தண்டியையே பிளந்துவிடுதல் கூடும்.

ஐந்தாவது, மரத்தில் விழும் சிறு குழிவு. தண்டி ஏதேனும் ஒரு விளிம்பில் மோதினால், மரத்தின் நார்கள் நசுங்கிக் குழிவு உண்டாகும். வாசிப்போரின் இடக்கை உராய்ந்து செல்லும் இடத்தில் அஃது இருப்பின் கைக்கு இடையூறாகும். நார்கள் அறுபடாமல் நசுங்க மட்டுமே செய்திருப்பின், அவற்றை மீட்டும் எழச் செய்தல் இயலும். குழிவின்மேல் ஈரத்துணியை வைத்து, மிதமாகச் சூடேற்றிய இரும்பால் சில நொடிகள் ஒற்றினால், நீராவி நார்களுட் புகுந்து அவற்றை விரியச் செய்யும். குழிவும் மேலெழும்பிச் சமமாகும். கிடாரின் கழுத்தில் விழும் குழிவுகளையும் இம்முறையாலேயே போக்குகின்றனர். ஆயின், இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. அரக்குப் பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் வெளிறிப்போகும். ஆதலின் அவ்விடத்துப் பூச்சை முதலில் அகற்றி, மரம் நன்கு உலர்ந்தபின் மீண்டும் பூசவேண்டும். வீணையில் மெழுகும் அண்டையில் உள்ளது. ஆதலின் மெழுகு வரம்பை அடுத்த குழிவிற்கு இம்முறை ஆகாது. மரம் நசுங்காமல் வெட்டுண்டிருப்பின் நீராவியாற் பயன் இல்லை. நுண்ணிய மரத்தூளைப் பசையிற் குழைத்து நிரப்புதலே வழி.

ஆறாவது, மயிரிழைக் கீறல். மரம் ஈரத்தைப் பெற்று விரிந்தும், ஈரத்தை இழந்து சுருங்கியும் இயங்குவது. இவ்விரிவும் சுருக்கமும் நாரின் நீளத்திற் பெரிதும் தோன்றா. அதன் குறுக்கிலேயே மிகுதியும் தோன்றும். ஆகவேதான், கீறல்கள் நாரின் வழியே ஓடுகின்றன. கீறல் ஒன்று காணப்பட்டால், அதன் இரு முனைகளிலும் கரிக்கோலால் மெல்லிய புள்ளி இட்டு, சில நாள் கழித்து நோக்குதல் வேண்டும். புள்ளியைக் கடந்து கீறல் வளர்ந்திருப்பின் அது சிறு பழுதன்று. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, உடனே வல்லுநரிடம் காட்டவேண்டும். கம்பிகளின் அழுத்தத்தால் நிற்கும் குதிரை இடம் பெயராதபடி, அது நிற்கும் இடத்தை முன்னரே குறித்துக்கொள்வது நன்று. தண்டியும் குடமும் கூடும் இடத்திற் கீறல் தோன்றினும் அவ்வாறே செய்தல் வேண்டும். கம்பிகளின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அவ்விடமே ஆகும்.

வளராத சிறு கீறலைப் பசையிட்டு மூடலாம். பழங்காலந் தொட்டுத் தச்சர்கள் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையையே இதற்குப் பயன்படுத்தினர். வெந்நீரும் வெப்பமும் பட்டால் இப்பசை இளகிக் கொடுக்கும். பின்னாளில் வேறொருவர் அவ்விணைப்பைத் திறந்து பார்க்க வேண்டின், மரத்திற்கு ஊறு நேராமல் திறக்கலாம். இக்காலத்துக் கடைகளிற் கிடைக்கும் சில கடும்பசைகள் நொடியில் ஒட்டி, பின்னர் எதற்கும் அசையா. அவற்றை மெழுகு இருக்கவேண்டிய இடத்தில் இட்டு மெட்டை ஒட்டிவிடுவோரும் உளர். அன்றைக்குப் பழுது நீங்கியது போலத் தோன்றும். ஆனால், அடுத்தமுறை மேளங் கட்டவேண்டியபொழுது, மெட்டைப் பெயர்த்தால் பலகையின் மரமும் உடன் பெயரும். ஒரு நாழிகை வேலையை மிச்சப்படுத்த எண்ணி, நூறாண்டு வாழத்தக்க கருவியின் வாழ்நாளைக் குறைத்தவராவர் அவர்.

பழுதுபார்ப்போர் கைக்கொள்ளவேண்டிய நெறி இதனால் விளங்கும். தாம் செய்த திருத்தத்தைத் தமக்குப்பின் வருவோர் நீக்கி, இன்னும் செம்மையாகச் செய்தற்கு இடம் விட்டு வைத்தல் வேண்டும். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சான்றோரும் இந்நெறியையே போற்றினர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை வெளியிட்டபொழுது, ஏடு சிதைந்து சொற்கள் மறைந்த இடங்களில் தம் சொல்லைப் புகுத்தினாரல்லர். குறைந்த இடத்தைக் குறைந்ததாகவே புள்ளியிட்டுக் காட்டினார். செல்லரித்த ஏட்டில் தன் சொல்லை எழுதி நிரப்புவதும், மெழுகு இருந்த இடத்தில் கடும்பசையை நிரப்புவதும் ஒரு தன்மையனவே.

பழுது நேர்ந்தபின் திருத்துவதினும், நேராமற் காப்பது எளிது. வீணையை வெயிலிலும், மூடிய வண்டியின் உள்ளும் விட்டுவைத்தல் ஆகாது. மெழுகு இளகி, மெட்டுகள் தாமே சாயும். அடுப்பின் அருகிலும், ஈரச் சுவரின்மேலும் சார்த்துதல் கூடாது. வாசித்து முடித்தபின் கம்பிகளையும் மெட்டுகளையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தல் வேண்டும்; விரலின் வியர்வை கம்பியைத் துருவேற்றும்; துருவேறிய கம்பி மெட்டை விரைந்து அராவும். மெட்டுகளுக்கு அடியில் படியும் தூசியைச் சிறு தூரிகையால் அகற்றுதல் வேண்டும். தூக்கும்பொழுது தண்டியை மட்டும் பற்றித் தூக்காமல், குடத்தையும் ஒரு கையால் தாங்குதல் வேண்டும்.

இவ்வாறு பேணப்பட்ட வீணைகள் ஒரு குடும்பத்தில் மூன்று நான்கு தலைமுறைகள் தொடர்ந்து வழங்குவதைக் காண்கிறோம். அவற்றுள் ஒன்றை எடுத்து ஆராய்ந்தால், அதன் மரம் பாட்டனார் காலத்ததாய் இருக்கும். மெட்டுகளுட் சில தந்தையார் காலத்தில் மாற்றப்பட்டனவாய் இருக்கும். மெழுகு இவ்வாண்டில் இட்டதாய் இருக்கும். ஆயினும், கருவி ஒன்றே. அதன் குரலும் ஒன்றே. முன்னையோர் திருத்தத்திற்கு இடம் விட்டு வைத்தமையாலும், பின்னையோர் அவ்விடத்தை அறிந்து அளவோடு திருத்தியமையாலும் அக்குரல் இன்றும் கேட்கிறது.